எழுத முடியவில்லை என்று சொல்லும் கருவி

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் திறந்துவிடப்பட்ட தண்ணீரும், வழியெல்லாம் சேர்ந்த மழைநீரும் அடையாற்றில் கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள் நுழைந்தன. ஆற்றையொட்டிய குடியிருப்புகளில் தரைத்தளம் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு தெருவோரம் குவிந்த மெத்தைகள், மர பீரோக்கள், பாடப்புத்தகங்களோடு கணினிப் பெட்டிகளும் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஒன்று மட்டும் ஐயமறத் தெரிந்திருந்தது: உள்ளே இருந்தது போய்விட்டது. சிலர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு, தரவை மீட்டுத் தருகிறவர்களைத் தேடிப் போனார்கள். சிலர் அப்படியே விட்டுவிட்டார்கள். எதுவானாலும் இழப்பு கண்ணெதிரே கிடந்தது. அதனால் அதற்கு ஏதாவது செய்யவும், குறைந்தபட்சம் அழவும் முடிந்தது.

இன்னொரு வகை இழப்பு இருக்கிறது. அதற்கு ஈரச்சுவர் கிடையாது, சேற்று வாடை கிடையாது. வட்டு ‘எழுதிவிட்டேன்’ என்கிறது, எழுதவில்லை. அதைச் சோதிக்கவென்றே ஓட்டிய நிரலும் ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறது. மாதங்கள் கழித்து யாரோ கோப்பைத் திறக்கும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரியவரும். அதற்குள் மூலப்பிரதி பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயிருக்கும்.

இதெல்லாம் கணினிக்காரர்கள் பாடு என்று தமிழ் படிக்கிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அதிலும் கோட்டூர்புரத்தில் இருந்துகொண்டு முடியவே முடியாது. 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இங்கே காந்தி மண்டபம் சாலையில் நிற்கிறது. அதே வளாகத்தில்தான் தமிழ் இணையக் கல்விக்கழகம் இயங்குகிறது. அதன் தமிழ் மின்நூலகம் வழியாக நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் பழைய இதழ்களையும் எந்த ஊரில் இருந்தாலும் படிக்கிறோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலிவுத் தாளில் அச்சான நூல்களைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், ஓரம் தொட்டாலே உதிரும். ஸ்கேன் செய்யும் மேசையில் சில பக்கங்கள் கடைசி முறையாகப் புரட்டப்படுகின்றன. அதற்கப்புறம் அந்தப் பக்கமாக இருக்கப்போவது வட்டில் எழுதப்பட்ட கோப்பு மட்டுமே. அது உண்மையிலேயே எழுதப்பட்டதா என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் கேள்விகளில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன். ஏடு பெயர்த்து எழுதியவர் ஒரு வரியை விட்டுவிட்டாரா என்று கேட்கிற அதே அக்கறையோடு இதையும் கேட்கவேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். எழுபது, எண்பதுகளின் சிற்றிதழ்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர். பேரனை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, மதுரையில் இருக்கும் நண்பருக்காக ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பினார். முதல் சில இதழ்கள்தான் திறக்கின்றன, மற்றவை திறக்கவில்லை என்று நண்பர் போன் செய்தார். டிரைவ் திரும்பி வந்ததும் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

“நூறு சதவீதம் வந்துச்சுப்பா. பச்சைக் கோடு கடைசிவரைக்கும் ஓடிச்சு, நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். இப்பவும் பாரு, பேரெல்லாம் வரிசையா இருக்கு. எத்தனை எம்பின்னு கணக்குகூடச் சரியாக் காட்டுது.”

“பேர் ஒரு இடத்துல இருக்கும் ஐயா, உள்ள இருக்கிற பக்கம் வேற இடத்துல இருக்கும்.”

“அப்ப அது போய்ச் சேரலன்னா அப்பவே சொல்லியிருக்கணும்ல?”

அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

அவருக்கு நடந்தது இதுதான். மேலுறையில் 128 ஜிபி என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருந்த சிப்பு அதில் சிறு பகுதியைத்தான் கொள்ளும். சிப்பை நிர்வகிக்கும் கண்ட்ரோலரைக் கொள்ளளவைக் கூட்டிச் சொல்லும்படி மாற்றியமைத்து விற்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருகிற தரவை அது வாங்கி எங்கும் வைக்காமல் விட்டுவிடும், அல்லது முன்பே எழுதியதன் மேலேயே எழுதும். கணினிக்குப் பிழை எதையும் தெரிவிக்காது. கோப்புகளின் பெயர், அளவு, எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு எல்லாம் வட்டின் முன்பகுதியில் இருக்கிற அட்டவணையில் பதிவாகின்றன. முன்பகுதி உண்மையான சிப்பில் இருக்கிறது. ஆகவே பொருளடக்கம் பத்திரமாக இருக்கும், நூல் இருக்காது.

இந்த மோசடியைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜெர்மனியின் ‘சே-டே’ கணினி இதழைச் சேர்ந்த ஹரால்டு போகெல்ஹோல்ட்ஸ் விண்டோஸுக்காக எழுதிய எச்2டெஸ்ட்டபிள்யூ முன்னோடி. அதைப் பின்பற்றி மிஷெல் மச்சாடோ லினக்ஸுக்காக எழுதியது எஃப்3. இரண்டும் செய்வது ஒன்றே: முன்கூட்டியே கணிக்கக்கூடிய எண்கோவைகளை ஒவ்வொரு ஜிபியாக எழுதி வட்டை நிரப்பும், பிறகு எல்லாவற்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். ஐயாவின் டிரைவில் எஃப்3-ஐ ஓட்டினோம். எழுதும் கட்டம் எந்த முறையீடும் இல்லாமல் முடிந்தது. படிக்கும் கட்டத்தில்தான் வெட்டவெளிச்சமானது: சரியாக உள்ள தரவு என்று ஒரு சிறு எண், இழந்த தரவு என்று ஒரு பெரிய எண். இழந்ததையும் அது மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. சிதைந்தது, சற்றே மாறியது, வேறொன்றால் மேலெழுதப்பட்டது. மூன்றும் வெவ்வேறு நோய்கள் என்று அதை எழுதியவர் அறிந்திருக்கிறார்.

பொய் சொல்லும் வட்டைத் திரும்பப் படித்துத்தான் பிடிக்கமுடியும். நேர்மையான வட்டு பழுதானால் நிலைமை வேறு. அது ‘என்னால் எழுத முடியவில்லை’ என்று கணினிக்குச் சொல்லத்தான் செய்கிறது. அந்தச் சொல் மனிதர் காதுவரை வந்து சேர்கிறதா என்பதே இங்கே சிக்கல். வட்டை நிரப்பிச் சோதிக்கும் கருவிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது.

யோசித்துப் பாருங்கள். நிரப்பும் கருவி எப்போது நிற்கவேண்டும்? இடம் தீரும்போது. இடம் தீர்ந்ததை அது எப்படி அறியும்? எழுத முயன்று, முடியாமல் போவதால். அதாவது, எழுத முடியாமல் போவதுதான் அந்தக் கருவிக்கு இயல்பான முடிவு. இயங்குதளம் இரண்டு வெவ்வேறு பிழை எண்களை வைத்திருக்கிறது. லினக்ஸில் 28 என்றால் ‘சாதனத்தில் இடமில்லை’. 5 என்றால் ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’, அதாவது வட்டோ அதற்குப் போகும் வழியோ பழுது. நிரல் எழுதுகிறவர் அவசரத்தில் ‘எழுத முடியாவிட்டால் வளையத்தை விட்டு வெளியே வா’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் 28-உம் 5-உம் ஒன்றாகிவிடும். பாதி வட்டில் பழுது வந்து நின்றாலும் கருவி, ‘நிரம்பிவிட்டது’ என்று எண்ணிக்கொண்டு நல்லபடியாக விடைபெறும். பிறகு படித்து ஒப்பிடும் கட்டத்தில், எழுதியவரை எல்லாம் சரியாகவே இருக்கும். அறிக்கை சுத்தமாக வரும். பழுதான வட்டுக்கு நற்சான்று கையில் வந்துவிடும்.

இதைத் தடுக்க நாலைந்து வரிகள் போதும். எந்தக் கோப்பில், எந்த இடத்தில், எந்தப் பிழை எண்ணோடு எழுத்து நின்றது என்று திரையில் சொல். இடமின்மை தவிர வேறெதுவானாலும் வெளியேறும்போது தோல்விக்குரிய எண்ணைத் திருப்பிக்கொடு. அந்தக் கடைசி எண்ணை மனிதர்கள் பார்ப்பதில்லை. இரவில் தானாக ஓடும் பிற நிரல்கள் அதை மட்டுமே பார்க்கின்றன. திரையில் எச்சரித்துவிட்டு எண்ணில் வெற்றிக்குரிய பூஜ்யத்தைத் திருப்பும் கருவி, யாருமில்லாத அறையில் எச்சரித்ததற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

சோதிக்கும் கருவியையே சோதிக்க லினக்ஸில் ஓர் எளிய வழி உண்டு. ‘டெவ் ஃபுல்’ என்ற போலிச் சாதனம். அதில் எதை எழுதினாலும் ‘இடமில்லை’ என்றே பதில் வரும். ஒரு நிரலின் அறிக்கையை அங்கே திருப்பிவிட்டு, வெளியேறும் எண்ணைப் பார்த்தால் அந்த நிரல் தன் எழுத்தைத் தானே சரிபார்க்கிறதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். கோப்புப் பட்டியலைக் காட்டும் குனு கருவி உடனே எழுத்துப் பிழை என்று முறையிடுகிறது. நாம் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதும் முதல் நிரல்களில் பல ஒரு வார்த்தையும் சொல்லாமல் பூஜ்யத்தோடு வெளியேறுகின்றன. கல்லூரியில் நிரல் சொல்லித்தருகிறவர்கள் முதல் வாரமே இதைச் செய்துகாட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிழை வழியில் தொலைவதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. கணினியின் அமைப்பே அப்படி. நிரல் ‘எழுது’ என்றதும் இயங்குதளம் தரவைத் தன் நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டு ‘சரி’ என்றுவிடுகிறது. வட்டுக்குப் போவது அப்புறம்தான். லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி அரை நிமிடம்வரைகூட அது காத்திருக்கும். வேகம் அதனால்தான் கிடைக்கிறது. ஆனால் அரை நிமிடம் கழித்து வட்டு மறுத்தால் அந்த மறுப்பை யாரிடம் சொல்வது? எழுதச் சொன்ன நிரல் கோப்பை மூடிவிட்டுப் போயே இருக்கலாம். ஐயா பார்த்ததுபோன்ற பச்சைக் கோடு பல சமயம் இந்த நினைவகத்தை நிரப்பிய கணக்குதான். எழுதிய உடனே திரும்பப் படித்துச் சோதிப்பதிலும் இதே பள்ளம் இருக்கிறது. வட்டைத் தொடாமலே நினைவகத்திலிருந்து சரியான தரவு வந்துவிடும். டிரைவைக் கழற்றி மறுபடி செருகிவிட்டுப் படிப்பது எளிய, நம்பகமான வழி.

இந்த மௌனத்தை முறையாக அளந்தவர்களில் தமிழர்களுக்குப் பழக்கமான பெயர்கள் நிறைய இருப்பதைக் கவனித்திருக்கிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா, ரெம்சி அர்பாசி-துசோ இருவரும் நடத்தும் ஆய்வுக்குழு 2005இல் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் விஜயன் பிரபாகரன். உடன் எழுதியவர்களில் லட்சுமி பைரவசுந்தரமும் ஒருவர். கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பமைப்புக்கும் வட்டுக்கும் நடுவே ஓர் அடுக்கைச் செருகி, வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கி, ஒவ்வொரு கோப்பமைப்பும் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அன்று லினக்ஸில் பரவலாக இருந்த ஈஎக்ஸ்டி3, எழுதுவதில் வந்த பிழைகளைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவே இல்லை. ரைசர் கோப்பமைப்பு அதற்கு நேரெதிர்: எழுத முடியாவிட்டால் இயங்குதளத்தையே நிறுத்திவிட்டது. கணினி நின்றுபோனால் பயனருக்கு எரிச்சல்தான். ஆனாலும் என் வாக்கு அதற்கே. தவறான நம்பிக்கையோடு வேலை தொடர்வதைவிட நின்றுபோவது மேல்.

2008இல் அதே குழுவினர் இன்னொரு வகையில் பார்த்தார்கள். ஹர்யாதி குணாவி முதலானோர் லினக்ஸின் மூலநிரலைக் கருவிகொண்டு அலசி, பிழை எண் ஒரு செயற்கூறிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடங்களை எண்ணினார்கள். சுமார் 9,000 இடங்களில் 1,153 இடங்களில் பிழை எண் வாங்கப்படாமலே விடப்பட்டிருந்தது. நூற்றுக்குப் பதின்மூன்று. படிப்பதில் வரும் பிழைகளைவிட எழுதுவதில் வரும் பிழைகளே அதிகம் கைவிடப்பட்டிருந்தன. இதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. படிக்க முடியாவிட்டால் கேட்டவர் வெறுங்கையோடு நிற்பார், சண்டைக்கு வருவார். எழுத முடியாவிட்டால் அந்தக் கணத்தில் குறைப்பட யாருமில்லை. குறைப்படப்போகிறவர் இன்னும் வரவில்லை. சில சமயம் பிறக்கவே இல்லை.

2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோருக்குக் கிடைத்த அதிர்ச்சியும் இதே இடத்தில்தான். ‘நினைவகத்தில் இருப்பதையெல்லாம் வட்டில் எழுதி முடித்துவிட்டு வந்து சொல்’ என்று இயங்குதளத்தை வற்புறுத்தும் கட்டளை ஒன்று உண்டு. எஃப்சிங்க் என்பார்கள். அது தோற்றால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று தரவுத்தளம் இருபது ஆண்டுகளாக நம்பிவந்தது. லினக்ஸோ, எழுத முடியாமல் போன நினைவகப் பக்கத்துக்கு ‘எழுதியாயிற்று’ என்றே குறியிட்டுவிடுகிறது. அதனால் இரண்டாம் முறை கேட்டால் எழுத ஒன்றும் பாக்கியில்லை. ‘சரி’ என்று பதில் வரும். தரவு வட்டிலும் இருக்காது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் போஸ்ட்கிரெஸ் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது: எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே தரவுத்தளம் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, குறிப்பேட்டிலிருந்து மீண்டும் கட்டியெழுப்பும். 2020இல் அந்தோணி ரெபெல்லோ, யுவராஜ் பட்டேல், ராம்நாதன் அழகப்பன் ஆகியோர் அர்பாசி-துசோ இருவருடனும் சேர்ந்து, தோற்றபின் வெவ்வேறு கோப்பமைப்புகள் வெவ்வேறாக நடந்துகொள்வதையும், ஆராய்ந்த தரவுச் சேமிப்பு மென்பொருள்களில் எதன் உத்தியும் போதுமானதாக இல்லை என்பதையும் காட்டினார்கள். இத்தனை திறமைசாலிகள் எழுதிய மென்பொருள்களின் நிலையே இது. ஐயாவின் பேரன் இழுத்துப்போட்ட கோப்புக்கு யார் உறுதி?

நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. வட்டைச் சோதிக்கும் பழைய கருவியான பேட்பிளாக்ஸ் வேலை முடிந்ததும், கெட்ட பகுதிகள் எத்தனை என்ற மொத்தத்தோடு, அடைப்புக்குள் சாய்கோடிட்டு மூன்று எண்களைக் காட்டும். முதலாவது படிப்பதில் வந்த பிழை, இரண்டாவது எழுதுவதில் வந்த பிழை, மூன்றாவது ஒப்பிட்டதில் பொருந்தாதது. மூன்றும் பூஜ்யமாக இருக்கும்போதுகூட மூன்றையும் தனித்தனியே காட்டுகிறது. எழுதுவதில் பிழை இருந்ததா என்று நாம் கேட்காமலே அது பதில் சொல்லிவிடுகிறது. இந்த ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்று டிடி ரெஸ்க்யூ. பழுதான வட்டிலிருந்து முடிந்தவரை அள்ளியெடுக்க அன்டோனியோ தியாஸ் தியாஸ் எழுதியது. அள்ளும்போதே தனியாக ஒரு வரைபடக் கோப்பை எழுதிக்கொண்டு போகும். அதைச் சாதாரணமாகத் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் ஓரிடத்தின் தொடக்கம், நீளம், ஒரு குறி. கூட்டல் குறி என்றால் மீட்டாயிற்று. கழித்தல் குறி என்றால் கெட்ட பகுதி. கேள்விக்குறி என்றால் இன்னும் முயலவில்லை. பழைய தமிழ்ப் பதிப்புகளின் கடைசியில் பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று ஓர் அட்டவணை கட்டியிருப்பார்களே, அதைப் பார்க்கும்போது வருகிற மரியாதை இந்தக் கோப்பைத் திறக்கும்போதும் வருகிறது. அந்த அட்டவணையால் நூலின் மதிப்பு குறையவில்லை. நூல் அச்சுக்குப் போன பிறகும் பதிப்பாசிரியர் மெய்ப்பைப் படித்தார் என்பதற்கு அதுவே சாட்சி. நாம் மின்னாக்கத்துக்கு வந்தபோது ஓலையையும் தாளையும் கொண்டுவந்தோம், இந்த அட்டவணையை மட்டும் விட்டுவிட்டோம்.

எந்த நிறுவனத்தின் மேலும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மின்னாக்கத்தில் உழைக்கிறவர்கள் மேல் எனக்குள்ள நன்றி பெரியது. ஆனால் அரசு நூலகமோ, அறக்கட்டளையோ, சொந்தப் பணத்தில் பழைய இதழ்களைக் காப்பாற்றும் தனிநபரோ, யார் ஸ்கேன் வேலையை வெளியே ஒப்படைத்தாலும் ஒப்பந்தத்தில் பக்கக் கணக்கும் படத்தின் துல்லியமும்தான் எழுதப்படுகின்றன. அத்தோடு சில வரிகள் சேரவேண்டும். ஒப்படைக்கும் ஒவ்வொரு வட்டோடும், ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண் கொண்ட பட்டியல் ஒன்று தரப்படவேண்டும். அந்த எண் ஸ்கேன் செய்த கணினியிலேயே, நகலெடுப்பதற்கு முன்பே கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். எழுதும்போது வந்த பிழைகளின் பதிவேடு, பிழையே வராவிட்டாலும், பூஜ்யம் என்று எழுதப்பட்டு வரவேண்டும். பெற்றுக்கொள்கிறவர் வட்டைத் தன் கணினியில் செருகி முழுவதையும் படித்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூலப்பிரதியைக் கட்டிவைக்க வேண்டும். பணமும் அதற்குப் பிறகே.

நேரமில்லை என்பார்கள். 4 டிபி வட்டை வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தால் சுமார் ஏழரை மணிநேரம் ஆகும். மாலையில் அலுவலகத்தைப் பூட்டும்போது ஓட்டிவிட்டால் காலையில் கதவைத் திறப்பதற்குள் முடிந்திருக்கும். கருவி தன் எழுத்துப் பிழையை மறைக்காமல் சொல்லும் வகையைச் சேர்ந்ததா என்பதை மட்டும் அதற்கு முந்தைய நாளே ‘டெவ் ஃபுல்’லில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.